கரடிகள் வாழும் தேசியப் பூங்காக்களில் கூட்டாகக் கூடாரம் போடப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கோடை விடுமுறை நெருங்கினால், எங்கள் வட்டத்தில் நாலைந்து தமிழ்க் குடும்பங்களாகச் சேர்ந்து கிராண்ட் டீட்டன், யெல்லோஸ்டோன், கிளேசியர் பக்கம் கிளம்புவது வழக்கமாகிவிட்டது. புதிதாகச் சேரும் குடும்பங்கள் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டணமும் விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. ஆகவே புறப்படும் வாரத்தில் அந்தந்தப் பூங்காவின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மூன்று பூங்காக்களையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா? எந்த வழியாகப் போவது?

பத்து நாளாவது விடுப்பு இருந்தால் முடியும். சால்ட் லேக் சிட்டி வரை விமானத்தில் போய், அங்கே வண்டியை வாடகைக்கு எடுப்பது பலருக்கும் வசதி. அங்கிருந்து ஜாக்சன் ஊருக்கு ஐந்து மணி நேரம். ஜாக்சனைத் தாண்டியதும் கிராண்ட் டீட்டன் தொடங்கிவிடும். அதன் வட எல்லையைக் கடந்து சில மைல் போனால் யெல்லோஸ்டோனின் தெற்கு வாசல். அங்கிருந்து கிளேசியர் போவதுதான் நீண்ட ஓட்டம்: மாண்டானா மாநிலத்தின் ஊடே சுமார் 400 மைல், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். ஏழு நாள்தான் கிடைக்கும் என்றால் கிளேசியரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள்.

யெல்லோஸ்டோனுக்குள் எட்டு வடிவத்தில் சுற்றும் பெரிய சாலை 142 மைல். வேக வரம்பு மணிக்கு 45 மைல்தான். அதிலும் காட்டெருமைக் கூட்டம் சாலையில் இறங்கிவிட்டால் அது விலகும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். வரைபடம் ஒரு மணி நேரம் என்று சொன்னால் இரண்டாக எண்ணித் திட்டமிடுங்கள். பூங்காவின் பெரும்பகுதியில் கைப்பேசி வேலை செய்யாது. காலையில் பிரியும்போதே, மாலை எங்கே, எத்தனை மணிக்குச் சேர்வது என்று பேசி முடித்துவிட வேண்டும்.

எந்த மாதம் போகலாம்?

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. கிளேசியரில் மலையின் ஒருபுறமிருந்து மறுபுறம் கடக்கும் கோயிங் டு தி சன் சாலை 6,646 அடி உயரமுள்ள லோகன் கணவாய் வழியாகப் போகிறது. பனியை அகற்றி அதை முழுதாகத் திறக்க ஜூன் கடைசியோ ஜூலை நடுவோ ஆகிவிடும். யெல்லோஸ்டோனின் பெரும்பகுதி 7,000 அடிக்கு மேலே இருக்கிறது. ஜூலை மாதத்திலும் இரவில் குளிர் உறைநிலையை நெருங்கும். கம்பளித் தொப்பியும் தடித்த தூக்கப் பையும் இல்லாமல் குழந்தைகளைக் கூட்டிப்போகாதீர்கள்.

கரடிக் கணக்கில் பார்த்தால், குளிர்கால உறக்கத்துக்கு முன் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அவை வெறியோடு தின்னும் காலம். ஒரு நாளில் 20 மணி நேரம்வரை இரை தேடி அலையும். செப்டம்பரில் கூட்டம் குறைவு என்று போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

நாங்கள் இருபது பேர். எல்லோரும் ஒரே இடத்தில் தங்க முடியுமா?

சாதாரணத் தளத்தில், அதாவது ஒரு குடும்பம் கூடாரம் போட ஒதுக்கும் இடத்தில், முடியாது. யெல்லோஸ்டோனிலும் கிராண்ட் டீட்டனிலும் ஒரு தளத்துக்கு ஆறு பேர், கிளேசியரில் எட்டுப் பேர் என்பது வரம்பு. "பிள்ளைகள்தானே" என்று கூடுதலாக இரண்டு பேரைச் சேர்க்க முடியாது, குழந்தையும் கணக்கில் வரும். பெரிய கூட்டத்துக்கென்று குழுத் தளங்கள் தனியாக உண்டு: யெல்லோஸ்டோனில் மேடிசன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, டீட்டனில் கோல்டர் பே, குரோ வான்ட், கிளேசியரில் ஆப்கார், செயின்ட் மேரி. எண்ணிக்கையில் குறைவு என்பதால் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே முயல வேண்டும். இப்படிப் பல தளங்கள் சேர்ந்ததுதான் ஒரு திடல். அமெரிக்க அரசின் ரிக்ரியேஷன்.கவ் இணையதளத்தில் பல திடல்களுக்குப் பதிவு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. யெல்லோஸ்டோனின் சில பெரிய திடல்களைத் தனியார் ஒப்பந்த நிறுவனம் நடத்துவதால் அவற்றுக்கு வேறு இணையதளத்தில் பதிய வேண்டும்.

குழுத் தளம் கிடைக்கவில்லை என்றால் அடுத்தடுத்த தளங்களாக மூன்றோ நான்கோ எடுங்கள். அப்படி எடுத்தாலும் சமையல் ஒரே தளத்தில்தான் நடக்க வேண்டும். ஏன் என்பது பின்னால் வரும்.

அம்மா அப்பா ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றுதானா?

முன்பு ஒன்றாக இருந்தது. வண்டிக்கு 35 டாலர், அல்லது எல்லாத் தேசியப் பூங்காக்களுக்கும் செல்லும் ஆண்டுச் சீட்டு 80 டாலர். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டுச் சீட்டு 250 டாலர். அந்தச் சீட்டு இல்லாமல் வந்தால், 16 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவருக்கும் வழக்கமான கட்டணத்துக்கு மேல் 100 டாலர். இந்தக் கூடுதல் கட்டணம் 11 பூங்காக்களில் உண்டு. நாம் போகும் மூன்றும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பெற்றோர் வருகிறார்கள் என்றால் இதை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வாசலில் நின்று பதறுவது அவர்களுக்குத்தான் சங்கடம்.

உண்மையைச் சொல்லுங்கள், கூடாரம் போடும் இடத்துக்குக் கரடி வருமா?

வரலாம். ஆனால் வருவதும் வராததும் பெருமளவு மனிதர்கள் கையில் இருக்கிறது, அதற்கு யெல்லோஸ்டோனின் சரித்திரமே சாட்சி. ஒரு காலத்தில் அங்கே விடுதிக் குப்பை மேடுகளில் கரடிகள் தின்பதைக் காட்சியாகவே பார்த்தார்கள், சாலையோரத்தில் கையால் தீனி கொடுத்தார்கள். 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடியால் காயப்பட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட பொருட்சேதச் சம்பவங்கள் வேறு. குப்பை மேடுகளை மூடி, தொட்டிகளைக் கரடி திறக்க முடியாதபடி மாற்றி, உணவுக் கட்டுப்பாட்டைக் கறாராக்கிய பிறகு, காயங்கள் ஆண்டுக்கு ஒன்று என்ற அளவுக்கு இறங்கிவிட்டன. வருகிறவர்களின் எண்ணிக்கையோ பல மடங்கு ஏறியிருக்கிறது.

கிளேசியர் இந்தப் பாடத்தைக் கொடுமையான விலை கொடுத்துக் கற்றது. 1910இல் தொடங்கிய அந்தப் பூங்காவில் 57 ஆண்டுகள் கிரிஸ்லி என்ற பெரிய கரடி இனம் யாரையும் கொன்றதில்லை. 1967 ஆகஸ்டில் ஒரே இரவில், பல மைல் தள்ளியிருந்த இரண்டு இடங்களில், கூடாரமில்லாமல் வெளியே படுத்திருந்த இரண்டு இளம்பெண்கள் வெவ்வேறு கரடிகளால் கொல்லப்பட்டார்கள். அவற்றில் ஓர் இடத்தில், மலை விடுதியின் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிக் கரடிகளை வரவழைப்பது அந்தக் கோடையின் வாடிக்கையாக இருந்தது. இன்றைய விதிகள் பலவும் அந்த இரவுக்குப் பிறகு இறுகியவை. அதிகாரிகள் தொந்தரவு செய்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளும்போது இதை எண்ணிப் பாருங்கள்.

கிரிஸ்லி, கறுப்புக் கரடி என்கிறார்களே, எப்படி அடையாளம் காண்பது?

நிறத்தை நம்பாதீர்கள். கறுப்புக் கரடி பழுப்பாகவும் செம்பட்டையாகவும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோளுக்கு மேல் திமில்போல ஒரு புடைப்பு, நடுவில் குழிந்த முகம், சிறிய வட்டக் காதுகள், நீண்ட முன்நகங்கள். கறுப்புக் கரடிக்குத் திமில் இல்லை, முகம் நேராக இறங்கும், காதுகள் உயர்ந்து நிற்கும். இந்த மூன்று பூங்காக்களிலும் இரண்டு இனமும் உண்டு. வேறுபாடு தெரிந்திருப்பது எதற்கு என்பது தாக்குதல் பற்றிய பதிலில் வரும்.

"சாப்பாட்டுப் பொருள்களை வெளியே வைக்காதே" என்று பலகை இருக்கிறது. எதெல்லாம் சாப்பாட்டுப் பொருள்?

வாசனை உள்ள எல்லாமே. அரிசி, பருப்பு, சாம்பார் பொடி, ஊறுகாய் என்று யாரும் மறக்காதவை இருக்கட்டும். மறந்துபோகிறவற்றைச் சொல்கிறேன்: பற்பசை, சோப்பு, சூரிய ஒளிக் களிம்பு, உதட்டுக்குப் பூசுவது, மாத்திரை டப்பா, குழந்தையின் பால் புட்டி, அழுக்கான டயப்பர், காலியான தண்ணீர் பாட்டில், காலியான ஐஸ் பெட்டி, கேஸ் அடுப்பு, துடைத்து வைத்த வாணலி, பாத்திரம் தேய்க்கும் நார். ஐஸ் பெட்டி காலியாக இருந்தாலும் அது தீனிப் பெட்டி என்பது கரடிக்குத் தெரியும்.

நம் வீட்டுப் பழக்கங்களில் இரண்டைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுப்பது ஒன்று. அந்த ஒரு வாரம் வேண்டாம். காலையில் சாமி கும்பிடும் பெரியவர்கள் பழத்தையும் கற்கண்டையும் நைவேத்தியமாகக் கூடாரத்துக்குள்ளேயே வைத்துவிடுவது இன்னொன்று. பூஜையைச் சமையல் மேசையில் வைத்துக்கொண்டு, பிரசாதத்தை அப்போதே எல்லோருக்கும் கொடுத்து முடித்துவிடச் சொல்லுங்கள். காரணத்தை எடுத்துச் சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள்.

அப்படியானால் தாளித்துச் சமைக்கவே கூடாதா? ஒரு வாரம் ரொட்டியும் ஜாமும்தானா?

தாராளமாகச் சமைக்கலாம். கடுகு பொரியும் வாசனை ஊரைக் கூட்டும்தான், ஆனால் நீங்கள் விழித்து உட்கார்ந்து சமைக்கும் வாசனையைவிட, எல்லோரும் தூங்கிய பிறகு தங்கியிருக்கும் வாசனைதான் சிக்கல். அதனால் இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே முடித்து, வெளிச்சம் இருக்கும்போதே துடைத்துக் கழுவிவிடுங்கள். எண்ணெயில் பொரிப்பதை மட்டும் தவிர்க்கலாம். பொரித்த எண்ணெயை அப்புறப்படுத்துவது அங்கே பெரும் தலைவலி. புளிக்காய்ச்சலை வீட்டிலேயே செய்து எடுத்துவந்தால் சாதம் வடித்துக் கலந்தால் போதும். பாத்திரமும் குறைவு, மிச்சமும் குறைவு. இட்லி மாவு வேண்டவே வேண்டாம். பொங்கி வழிந்தால் ஐஸ் பெட்டி முழுக்க நாற்றம்.

சமைத்தவர் அந்த உடையோடு தூங்கப் போகக்கூடாது. மாற்றிவிட்டு, அந்த உடையை வண்டியில் வைத்துப் பூட்ட வேண்டும்.

பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புதரோரம் ஊற்றலாமா? மிச்சத்தை நெருப்பில் போட்டு எரித்துவிடலாமா?

இரண்டும் கூடாது. முதலில் தட்டுகளைக் காகிதத்தால் நன்றாகத் துடைத்துக் குப்பையில் போடுங்கள். கழுவிய நீரை வடிகட்டிப் பருக்கை, கறிவேப்பிலை, கடுகு எல்லாவற்றையும் குப்பையில் சேர்த்துவிட்டு, நீரைத் திடலில் அதற்கென்று உள்ள தொட்டியில் ஊற்ற வேண்டும். குடிநீர்க் குழாயடியில் பாத்திரம் கழுவக்கூடாது. நெருப்பில் போட்ட சோறு முழுதாக எரியாது. அடியில் கருகிக் கிடந்து, உங்களுக்குப் பிறகு வரும் குடும்பத்தின் கூடார வாசலுக்குக் கரடியை இழுக்கும்.

குப்பையை இரவு வெளியே தொங்கவிடாதீர்கள். திடலில் உள்ள இரும்புத் தொட்டியின் கைப்பிடிக்குள் விரலைவிட்டு உள்தாழ்ப்பாளை அழுத்தினால்தான் மூடி திறக்கும். பிள்ளைகளுக்கு அது எட்டாது, வரவும் வராது. அவர்களை அனுப்பினால் பையைத் தொட்டியின் அருகிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். பெரியவர் ஒருவர் போய்ப் போட்டுவிட்டு, மூடி "டக்" என்று பூட்டிக்கொண்ட சத்தத்தைக் கேட்டுவிட்டு வர வேண்டும்.

உணவை எல்லாம் காரில் வைத்துப் பூட்டினால் போதுமா? யோசமிட்டியில் கார் கூடாது என்றார்களே?

இரண்டும் உண்மை. பூங்காவுக்குப் பூங்கா விதி வேறு. யெல்லோஸ்டோன், டீட்டன், கிளேசியர் திடல்களில் கண்ணாடி ஏற்றிப் பூட்டிய, உலோகக் கூரையுள்ள வண்டிக்குள் வைக்கலாம், அல்லது தளத்தில் இருக்கும் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைக்கலாம். கலிபோர்னியாவின் யோசமிட்டியில் இருட்டிய பிறகு வண்டிக்குள் ஒரு சாக்லேட் காகிதம்கூட இருக்கக்கூடாது, எல்லாம் இரும்புப் பெட்டிக்குள் போக வேண்டும். அங்குள்ள கறுப்புக் கரடிகள் கார்க் கதவின் மேல்விளிம்பைப் பிடித்து வளைத்துத் திறக்கத் தலைமுறையாகப் பழகியவை. தாய் செய்வதைப் பார்த்துக் குட்டியும் கற்றுக்கொள்கிறது. அங்கே உடைபட்ட வண்டிகளை ஆராய்ந்தவர்கள், குடும்பங்கள் ஓட்டும் மினிவேன்கள்தான் விகிதத்தை மீறி அதிகம் உடைபட்டன என்று கண்டார்கள். குழந்தைகள் சிந்திய தீனியின் வாசனை காரணமாக இருக்கலாம்.

இரும்புப் பெட்டி இருந்தால் நான் அதைத்தான் முதலில் நிரப்புவேன். கார் மிச்சத்துக்கு. பகலில் நடைப்பயணம் கிளம்பும்போதும் இதே ஒழுங்குதான், இரவுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

கூட்டமாகப் போனால் பாதுகாப்பு என்கிறீர்கள். பிறகு எதற்கு இத்தனை எச்சரிக்கை?

நடக்கும்போது கூட்டம் பாதுகாப்பு. மூன்று பேராவது சேர்ந்து நடங்கள் என்று பூங்காக்களே சொல்கின்றன. பேச்சுச் சத்தம் கேட்டாலே பெரும்பாலான கரடிகள் ஒதுங்கிவிடும். ஆனால் முகாமில் கூட்டமே ஆபத்து. ஒரே குடும்பம் என்றால் படுக்கும் முன் ஒருவர் சுற்றிப் பார்த்துவிடுவார். ஐந்து குடும்பம் என்றால், ஐஸ் பெட்டியை அவர் வைத்திருப்பார் என்று இவரும், இவர் வைத்திருப்பார் என்று அவரும் தூங்கப் போய்விடுவார்கள். ஒரு வண்டியின் சாவி யாரிடம் என்று தெரியாமல் முறுக்கு டப்பா மேசையடியில் தங்கிவிடும். பிள்ளை ஒன்று பிஸ்கட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூடாரத்துக்குள் போயிருக்கும்.

நான் வற்புறுத்துவது இதைத்தான்: ஒவ்வோர் இரவுக்கும் ஒருவர் பெயரைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அன்றிரவு அவர்தான் பொறுப்பு. சமையல் ஒரே தளத்தில் நடந்தால் அவர் பார்க்க வேண்டிய இடமும் ஒன்றுதான். சாப்பாடு முடிந்ததும் எல்லா வண்டிச் சாவிகளும் அவரிடம் போக வேண்டும். டார்ச் விளக்கோடு மேசைக்கு மேல், மேசைக்குக் கீழ், நாற்காலிகளின் கோப்பைப் பை, நெருப்புக் குழி ஓரம் என்று பார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் ஒவ்வொரு கூடார வாசலிலும் நின்று, "பை, சட்டைப் பை, தலையணைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா?" என்று குழந்தைகளிடம் கேட்க வேண்டும். குழந்தைகள் மறைக்க மாட்டார்கள், கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்தச் சுற்று முடிந்த பிறகு யாரும் தின்பண்டம் எடுக்கக்கூடாது, அது பெரியவர்களின் நள்ளிரவுத் தேநீருக்கும் சேர்த்துத்தான். பசிக்கிறது என்றால் அவரை எழுப்பிச் சாவி வாங்கட்டும். இந்த ஒரு பழக்கம் ஊன்றிவிட்டால் மற்ற விதிகள் பாதி தாமே நடக்கும்.

கரடி ஸ்பிரே வாங்க வேண்டுமா? விமானத்தில் கொண்டு போகலாமா?

வாங்க வேண்டும், விமானத்தில் கொண்டு போக முடியாது. கையில் வைத்திருக்கும் பையிலும் கூடாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கூடாது. ஜாக்சன், வெஸ்ட் யெல்லோஸ்டோன், கார்டினர் போன்ற வாசல் ஊர்களில் எங்கும் கிடைக்கும். மிளகாயின் காரத்தைக் கொடுக்கும் கேப்சைசின்தான் அதன் சரக்கு. மனிதருக்கென விற்கும் சிறிய பெப்பர் ஸ்பிரே இதற்குப் பயன்படாது. ஐந்து குடும்பத்துக்கு ஒன்று என்று வாங்கிச் சேமிக்க வேண்டாம். நடக்கும்போது வரிசையின் முன்னால் ஒருவரிடமும் கடைசியில் ஒருவரிடமுமாவது இருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம், இடுப்பிலோ மார்பிலோ மாட்டியிருக்க வேண்டும்.

கரடி பாய்ந்து வரும்போது பாதுகாப்புக் கவ்வியை இழுத்துவிட்டு, அது 30 முதல் 60 அடிக்குள் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடிக்க வேண்டும். கரடிக்கும் உங்களுக்கும் நடுவே காரப் புகைத் திரை விழ வேண்டும் என்பதுதான் நோக்கம். சில விநாடிகளில் தீர்ந்துவிடும் என்பதால் தொலைவில் நிற்கும்போதே வீணாக்காதீர்கள். கொசு மருந்துபோலக் கூடாரத்திலோ உடம்பிலோ தெளித்துக்கொள்வது முற்றிலும் தவறு. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டால் வெடிக்கக்கூடும். மேலே சொன்ன யோசமிட்டியில் இதை வைத்திருக்கவே அனுமதி இல்லை.

நடைபாதையில் கரடி எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?

ஓடக்கூடாது. கரடி மணிக்கு 35 மைல் வேகத்தில் ஓடும். மரம் ஏறுவதும் பயன்படாது. பிள்ளைகளைக் கூப்பிட்டு எல்லோரும் ஒன்றாக நெருங்கி நின்று, அதைப் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள். குரல் தாழ்வாக, அமைதியாக இருக்கட்டும், அலறல் வேண்டாம். ஸ்பிரே கையில் வந்துவிட வேண்டும். குட்டி தெரிந்தால் தாய் அருகில் இருக்கிறது என்று பொருள். எந்தச் சமயத்திலும் கரடிக்கும் உங்களுக்கும் 100 கெஜ தூரமாவது இருக்க வேண்டும் என்பது சட்டம்.

பாய்ந்து வந்து தொட்டேவிட்டது என்றால், இனவேறுபாடு அப்போதுதான் உதவும். குட்டியையோ இரையையோ காக்க மிரண்டு தாக்கும் கிரிஸ்லி என்றால் குப்புறப் படுத்து, கைகளால் பின்கழுத்தைக் கோத்து மூடி, கால்களை அகட்டி, முதுகுப் பையைக் கழற்றாமல் அசையாது கிடக்க வேண்டும். அது விலகிப் போகும்வரை எழக்கூடாது. கறுப்புக் கரடி தாக்கினால் படுக்கக்கூடாது. கல்லோ கட்டையோ கையில் கிடைத்ததை வைத்து அதன் முகத்தில் அடித்துப் போராட வேண்டும்.

இந்த நிலை வராமலிருக்க, வளைவிலும் ஓடைச் சத்தம் அதிகமுள்ள இடத்திலும் கைதட்டிக் குரல் கொடுத்துக்கொண்டே நடங்கள். கடைகளில் விற்கும் சிறு மணியை நம்ப வேண்டாம், மனிதக் குரல்தான் எட்டும்.

இரவில் கூடாரத்தையே பிறாண்டினால்? அப்போதும் செத்ததுபோல் கிடக்க வேண்டுமா?

கூடாது. முந்தைய பதிலில் சொன்னது பகலில் திடுக்கிட்ட கரடிக்கு. தூங்குபவரைத் தேடிக் கூடாரத்துக்குள் வரும் கரடி, எந்த இனமானாலும், இரை தேடி வந்தது. கத்தி, அடித்து, ஸ்பிரே அடித்து முழுமூச்சாக எதிர்க்க வேண்டும். இது மிக அரிது. ஆனாலும் ஸ்பிரேயும் டார்ச்சும் ஒவ்வொரு கூடாரத்திலும் பெரியவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும், பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

மாதவிடாய் நாளில் பெண்கள் போகக்கூடாது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

கேட்கத் தயங்கி, தனியாக அழைத்துப் பலரும் கேட்கும் கேள்வி இது. போகலாம். 1967இல் நடந்ததற்குக் காரணம் தேடியபோது கிளம்பிய ஊகம் அது. யெல்லோஸ்டோன் பூங்காவே சம்பவப் பதிவுகளை அலசி, கிரிஸ்லியோ கறுப்புக் கரடியோ இதனால் ஈர்க்கப்படுவதாகச் சான்று இல்லை என்று எழுதியிருக்கிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: பயன்படுத்தியவற்றை இரட்டைப் பையில் கட்டி, மற்ற குப்பைபோலவே அந்த இரும்புத் தொட்டியில் போடுவது. புதைக்கவும் எரிக்கவும் கூடாது. இதைக் காரணம் காட்டி எந்தப் பெண்ணையும் வீட்டில் விட்டுப்போகாதீர்கள்.

வயதான பெற்றோரும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். கூடாரம்தான் கட்டாயமா?

இல்லை. பூங்காக்களுக்குள் மர அறைகளும் விடுதிகளும் உண்டு. அவர்கள் அங்கே தங்க, மற்றவர்கள் அருகிலுள்ள திடலில் தங்கலாம். கோல்டர் பே அதற்கு நல்ல இடம், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. வீடுபோன்ற பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தால் யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் திடலிலும் தங்கலாம். கிரிஸ்லி நடமாட்டம் மிகுந்த பகுதி என்பதால் துணிக் கூடாரத்துக்கு அங்கே அனுமதியே கிடையாது. ஆனால் அத்தகைய வண்டி 21 அடிக்கு மேல் நீளமென்றால் கிளேசியரின் மலைச்சாலையில் விடமாட்டார்கள்.

இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டியவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே கழிப்பறைக்குப் பக்கமாகப் பார்த்து எடுப்பது பெரியவர்களுக்குச் செய்யும் பெரிய உதவி.

சாலையில் வண்டிகள் வரிசையாக நின்றால் கரடி இருக்கிறது என்று அர்த்தமா? நாங்களும் இறங்கிப் பார்க்கலாமா?

பெரும்பாலும் கரடிதான், சில நேரம் ஓநாய். நடுச்சாலையில் நிறுத்தாதீர்கள். ஓரத்தில் ஒதுக்குமிடம் இருந்தால் மட்டும் முழுதாக ஒதுங்கி நிறுத்துங்கள். அந்த 100 கெஜம் இங்கேயும் பொருந்தும். கரடி சாலையைக் கடக்கப் பார்க்கிறது என்றால் அதற்கு வழியை மறிக்காதீர்கள்.

டீட்டனில் 399 என்ற எண்ணால் உலகமே அறிந்த ஒரு தாய்க் கரடி இருந்தது. 2020இல், 24 வயதில், நான்கு குட்டிகளோடு குகையிலிருந்து வெளியே வந்தபோது அதைப் பார்க்கச் சாலையோரமெல்லாம் கூட்டம். 2024 அக்டோபரில், 28 வயதில், ஜாக்சனுக்குத் தெற்கே நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தது. நீங்கள் சால்ட் லேக் சிட்டியிலிருந்து ஜாக்சனுக்கு வரும் பாதையும் அந்தப் பக்கமாகத்தான் வரக்கூடும். அந்தி நேரத்தில் அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

ஆக, கரடிதான் பெரிய ஆபத்து?

இல்லை. யெல்லோஸ்டோனில் வேறெந்த விலங்கையும்விட அதிகம் பேரைக் காயப்படுத்துவது காட்டெருமை. மாடுதானே என்று படம் எடுக்கப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். அதற்கு 25 கெஜம் விலகி நிற்க வேண்டும். மனிதனைவிட மூன்று மடங்கு வேகத்தில் அது ஓடும். அதைவிடப் பயங்கரம் வெந்நீர் ஊற்றுகள். மேலே தரைபோலத் தெரிவது மெல்லிய ஓடாக இருக்கும். இதுவரை 20 பேருக்கு மேல் அவற்றில் வெந்து இறந்திருக்கிறார்கள். மரப்பாதையில் நடக்கும்போது சிறு குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள், தொப்பி பறந்துபோனாலும் போகட்டும்.

இத்தனை தூரம் வந்து கரடியைப் பார்க்காமல் திரும்பினால் பிள்ளைகள் ஏமாந்துபோவார்கள். எங்கே பார்க்கலாம்?

யெல்லோஸ்டோனில் லமார் பள்ளத்தாக்கும் ஹேடன் பள்ளத்தாக்கும், கிளேசியரில் மெனி கிளேசியர் பகுதியின் எதிர்மலைச் சரிவுகளும். விடியற்காலையில் போய் நில்லுங்கள். நல்ல தொலைநோக்கி இல்லாமல் போனால் புள்ளியாகத்தான் தெரியும். லமாரில் தினமும் நிற்கும் ஆர்வலர்கள் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பார்கள். பிள்ளைகள் ஆசையோடு நிற்பதைக் கண்டால் அவர்களே கூப்பிட்டுக் காட்டுவார்கள். மந்தமாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும் கிரிஸ்லி திடீரென்று தலையைத் தூக்கி மூக்கைக் காற்றில் நீட்டும். அந்தக் கணத்தைக் கண்ணாடி வழியே பார்த்த பிள்ளை, அன்றிரவு பிஸ்கட்டைத் தானே கொண்டுவந்து கொடுத்துவிடும்.

பக்கத்துத் தளத்துக்காரர்கள் சாப்பாட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நாம் என்ன செய்வது? வம்பு வருமே?

தயங்காமல் சொல்லுங்கள். ஒருமுறை மனித உணவின் ருசி கண்ட கரடி மறுபடி அங்கேயே வரும், துணிச்சலும் ஏறும். அதைப் பிடித்து வேறு காட்டில் விட்டாலும் பல நேரம் திரும்பிவிடுகிறது. மனிதருக்கு ஆபத்து என்று முடிவானால் பூங்காவே அதைக் கொன்றுவிடும். 1975இல் அழியும் அபாயப் பட்டியலில் சேர்த்தபோது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் ஏறக்குறைய 136 கிரிஸ்லிகள்தான் மிஞ்சியிருந்தன. இன்று ஏறக்குறைய ஆயிரம் இருக்கின்றன. ஒருவர் விட்டுப்போன மேசைச் சாப்பாட்டுக்காக அதில் ஒன்றை இழப்பது எனக்குத் தாங்க முடியாதது.

அவர்கள் அங்கே இருந்தால் நட்போடு எடுத்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் தெரியாமல் செய்தவர்கள்தான், நன்றி சொல்லி எடுத்து வைத்துவிடுவார்கள். இல்லையென்றால் அவர்கள் பொருளை நீங்களாகத் தொடாமல் திடல் பொறுப்பாளரிடம் போங்கள். அவருடைய இடம் வழக்கமாக நுழைவாயிலருகே இருக்கும், பலகையும் தொங்கும். அவர் பூங்காக் காவலரான ரேஞ்சரைக் கூப்பிடுவார். கரடி ஏற்கெனவே திடலுக்குள் வந்துவிட்டது என்றால் பிள்ளைகளை வண்டிக்குள் ஏற்றிவிட்டு 911ஐ அழையுங்கள். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை என்றால் வண்டியின் ஹாரனை விடாமல் அழுத்துங்கள்.